வரம்பும் மதிப்பெண்ணும்

 

வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்த நான் கடன் அட்டையைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நான் செய்த ஒரு பிழையே என்னை இங்கு நிறுத்தியிருக்கிறது.

என் தங்கை மகன் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருந்தான். அவனிடம் இரண்டு கடன் அட்டைகள் இருந்தன. ஒன்றன் உச்சவரம்பு 2,00,000 ரூபாய். மற்றொன்றுக்கு 50,000 ரூபாய். “பெரிய வரம்பு பெரிய ஆபத்து, வங்கிக்குப் போகுமுன் அதை முடித்துவிடு” என்றேன். மாமன் சொல்லைத் தட்டாமல் அவனும் அவ்வாறே செய்தான். அடுத்த சில வாரங்களில் அவனுடைய கடன் மதிப்பெண் சரிந்தது. செலவு கூடவில்லை, தவணையும் தவறவில்லை. பின் ஏன் சரிந்தது?

அவன் அட்டைவழிச் செலவு மாதம் 40,000 ரூபாய். மொத்த வரம்பு 2,50,000 ரூபாயாக இருந்தபோது அச்செலவு வரம்பில் 16 விழுக்காடு. வரம்பு 50,000 ஆகச் சுருங்கியதும் அதே செலவு 80 விழுக்காடாயிற்று. மதிப்பெண்ணைக் கணிப்போர் நம் சிக்கனத்தை அறியார். வரம்பில் எவ்வளவு பயன்படுத்தப்பட்டுள்ளது என்பதையே காண்பர். வரம்பை ஒட்டிச் செலவிடுவோரைப் பண நெருக்கடியில் இருப்பவராகக் கருதுவர். 30 விழுக்காட்டுக்குள் நிற்பது நன்று என்பது பொதுவான அறிவுரை. அது சட்டம் அன்று, வழிகாட்டும் அளவு.

நம் நாட்டில் சிபில் முதலான நான்கு நிறுவனங்கள் 300 முதல் 900 வரை இம்மதிப்பெண்ணை வழங்குகின்றன. மதிப்பெண்ணைப் பார்த்தே பல வங்கிகள் வட்டியை உறுதி செய்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை நாம் இலவசமாகப் பெறலாம்.

இன்னொன்றையும் அப்போதுதான் அறிந்தேன். கெடு நாளுக்குள் முழுத் தொகையையும் செலுத்தினாலும், வங்கி தகவல் அனுப்பும் நாளில் உள்ள நிலுவையே பெரும்பாலும் பதிவாகிறது. எனவே அந்நாளுக்கு முன்பே ஒரு பகுதியைச் செலுத்திவிடுவது நலம். என் மருமகன் அவ்வாறே செய்தான்; மதிப்பெண் மெல்ல மீண்டது. ஆயினும் வீடு சில மாதங்கள் தள்ளிப்போயிற்று. அவன் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குச் சுமையாயிற்று.

அப்படியாயின் வரம்பை உயர்த்திக்கொண்டே போகலாமா? கூடாது. கையடக்கம் உள்ளவருக்கே உயர்ந்த வரம்பு துணையாகும்; இல்லாதவருக்கு அது குழி. அட்டைதாரரின் வெளிப்படையான ஒப்புதலின்றி வரம்பை உயர்த்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் நெறிமுறை வகுத்தது. வேண்டாம் எனச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இளைஞர்களே, வரம்பு என்பது உங்கள் வருமானம் அன்று. பிறர் உங்கள்மேல் வைத்த நம்பிக்கையின் அளவு. அதில் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். குறித்த நாளில் முழுவதையும் திருப்பிச் செலுத்துங்கள். பெரியோர்களே, அறியாத துறையில் அறிவுரை கூறுமுன் கேட்டறிந்து கூறுங்கள்.