வீட்டு முற்றத்தில் எண்ணும் எழுத்தும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலை வேளையில் என் மகளை அருகில் இருத்தி எண் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பொழுது அவளுக்கு வயது ஐந்து. எண்பத்தொன்பது வரையுந் தடையின்றிச் சொன்னவள், அடுத்து 'ஒன்பதுபத்து' என்றாள். 'தொண்ணூறு' என்று திருத்தினேன். மறுநாளும் அவ்வாறே சொன்னாள். மூன்றாம் நாள் அதட்டினேன், கையையும் ஓங்கினேன். நான்காம் நாள் நான் அழைத்தபொழுது அவள் கொப்பியையும் எடுத்துக்கொண்டு தன் அப்பம்மாவின் பின்னே ஒளிந்துகொண்டாள்.

என் தாயார் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் என்னைப் பார்த்து, "தம்பி, அறுபது, எழுபது, எண்பது எண்டு வந்த பிள்ளை, ஒன்பது பத்து எண்டு சொன்னதிலை என்ன பிழை? பேர்தானே பிழை, கணக்குச் சரிதானே?" என்று கேட்டார். நான் மறுமொழியின்றித் தலைகுனிந்தேன்.

அவர் கேட்டது முற்றும் உண்மை. தமிழெண்களின் வரிசையில் அவ்விடம் ஒரு வழுக்குமிடம். தொண்ணூறு என்னும் பெயரிலே நூறு நிற்கின்றது; தொள்ளாயிரம் என்னும் பெயரிலே ஆயிரம் நிற்கின்றது. இம்முடிபுகளுக்குத் தொல்காப்பியரும் பவணந்தி முனிவரும் தனிவிதி வகுக்க நேர்ந்தது. இலக்கண ஆசிரியர்களே தனிவிதி வேண்டி நின்றவிடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை தடுமாறியதற்காக நான் கையோங்கினேன். பிள்ளையின் பிழை பெரும்பாலும் அறியாமையன்று. தான் கண்டறிந்த ஒழுங்கினை அது எல்லையின்றிச் செலுத்திப் பார்க்கின்றது. இதனை உணர்ந்த பெற்றோர் பிரம்பைத் தேடார்.

"நாங்கள் படிக்காதவர்கள்; பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது?" என்று தயங்குந் தாய்மார் பலர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நினைந்து, பால்மணம் மாறாத பிள்ளையையும் தனிவகுப்புக்கு அனுப்புவோரும் உளர். இவ்விரு சாராருக்கும் சொல்லத்தக்கது ஒன்றே. கணக்கும் இலக்கணமும் பிள்ளைக்கு முதன்முதல் வாய்ப்பது வீட்டிலேதான்.

முதலிற் கணக்கை எடுத்துக்கொள்வோம். இராச்சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஆளுக்கொன்றாக வைப்பது எண்ணுதற்கு முந்திய பாடம். மாமா வந்திருக்கின்றார் என்றால், இன்னும் ஒன்று வேண்டும் என்பது கூட்டல். அண்ணன் வெளியே போய்விட்டான் என்றால் அது கழித்தல். நெல்லிக்காய் பன்னிரண்டை நால்வருக்குப் பங்கிடச் சொன்னால் அது வகுத்தல். அரிசியைச் சுண்டாலே அளக்கும்பொழுது எண்ணும் பொறுப்பு பிள்ளையுடையதாகட்டும்.

தென்னோலை ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு முறித்து, பத்துப் பத்தாகக் கட்டச் செய்யுங்கள். இரண்டு கட்டும் மூன்று ஈர்க்கும் இருபத்துமூன்று. பத்தினிடம், ஒன்றினிடம் என்பன அப்பொழுது கைக்குத் தெரியும். பின்னர்க் கண்ணுக்குத் தெரியும். அதன் பின்னரே எழுத்திலே தெரியும். ஒன்பது கட்டை அடுக்கி வைத்து, "இதற்குத் தொண்ணூறு என்று பெயர்" என்றால், பிள்ளை அப்பெயரைச் சினமின்றி ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் பெண்பிள்ளைகள் ஆடும் கொக்கானும் ஒரு கணக்குப் பாடமே. ஐந்து கல் கொண்டு ஆடுமிடத்து, ஒன்றை மேலே எறிந்து, நிலத்திலுள்ள நான்கையும் முதலில் ஒவ்வொன்றாகவும், பின்னர் இவ்விரண்டாகவும், பின்னர் மூன்றும் ஒன்றுமாகவும், ஈற்றில் நான்கையும் ஒருங்காகவும் வாருகின்றார்கள். நான்கு என்னும் எண்ணின் கூறுகள் பல அங்கே அடங்கிவிட்டன.

ஒரு சோதனை சொல்வேன். ஏழு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், வேறு ஏழினை அதற்கு நேரே மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டுஞ் சமன் என்று பிள்ளை சொல்லும். பின்னர் ஒரு வரிசையை இடைவெளி விட்டு அகலப்படுத்துங்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைகளிற் பலர் அகன்ற வரிசையிலேதான் கூடுதலாக உண்டு என்பர். சுவிற்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே இதனை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இதற்காகப் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. விளையாட்டாகப் பலமுறை சேர்த்தும் பரப்பியும் எண்ணி வரத் தெளிவு தானாகவே பிறக்கும்.

இனி இலக்கணம். வகுப்பிலே மாணாக்கரை அஞ்சவைக்கும் இச்சொல்லைப் பிள்ளையிடம் உச்சரிக்கவே வேண்டா. நீங்கள் ஒரு பெயரைச் சொல்லுங்கள். பிள்ளை வினையை முடிக்கட்டும். அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், விருந்தினர் வந்தனர், ஆடு வந்தது, ஆடுகள் வந்தன. ஐம்பாலும் இதனுள் அமைந்தன. 'மாடு வந்தான்' என்று பிள்ளை சொன்னால், 'பிழை' என்று வெட்டாதீர்கள். "ஓம், மாடு வந்தது, கன்றும் வந்ததோ?" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகக் காதிற் போடுங்கள்.

மற்றொன்று, 'பூனை எலியைப் பிடித்தது' என்று சொல்லி, அடுத்து 'பூனையை எலி பிடித்தது' என்று சொல்லுங்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். ஐ என்னும் ஓருருபு இடம் மாறியதனாலே உலகமே தலைகீழாயிற்று என்பதை அச்சிரிப்பு அறிந்துகொண்டது. கல், கால், பல், பால், முடி, மூடி என மாற்றி மாற்றிச் சொல்ல, குறிலும் நெடிலும் செவியிலே பதியும்.

எழுத்தறியத் தொடங்கிய பிள்ளைக்கு எண்ணும் எழுத்துஞ் சந்திக்கும் ஓரிடமுண்டு. முற்றத்து மணலிலே உயிரெழுத்துப் பன்னிரண்டையும் குறுக்காகவும், மெய்யெழுத்துப் பதினெட்டையும் கீழ்நோக்கியும் எழுதிக் கட்டங் கீறுங்கள். கட்டங்களை நாளுக்கொரு வரியாக எண்ணிவர 216 ஆகும். அதனோடு உயிரும் மெய்யும் சேர்ந்த முப்பதையும் ஆய்தம் ஒன்றையுங் கூட்டினால் 247. இத்தொகையை மனனஞ் செய்த பிள்ளை மறக்கலாம். தானே எண்ணிக் கண்ட பிள்ளை மறவாது.

இவற்றுக்கெல்லாம் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். பிள்ளை சலிக்கும் முன்னர் நீங்களே நிறுத்திவிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உங்களுக்கு விடை தெரியாதவிடத்து, "வா, இருவரும் எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனாற் பெற்றோர் மதிப்புக் குறையாது.

என் மகள் பல நாட்கள் என்னிடம் எண் சொல்ல வரவில்லை. அப்பம்மாவிடமே ஈர்க்குக் கட்டினாள். நான் அருகிலே வாளாவிருந்து கட்டுகளுக்கு நூல் எடுத்துக் கொடுத்தேன். ஒருநாள் அவளே ஒன்பது கட்டினை என்முன் வைத்து, "அப்பா, இதுக்குப் பேர் என்ன, சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். நான் 'ஒன்பதுபத்து' என்றேன். அவள் கைகொட்டிச் சிரித்து, "இல்லை அப்பா, தொண்ணூறு!" என்று திருத்தினாள்.