பேரொலி எழுப்பிய சிறுமியர்

(சங்க ஆண்டு விழாவில், மாதர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோடை விடுமுறையில் நம் காலனிக் குழந்தைகள் ஊருக்குச் சென்று, பாட்டி வீட்டில் மாம்பழம் தின்று திரும்புகிறார்கள். நன்றே. அமெரிக்க நாட்டில், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில், சிறுமியர் சிலர் தம் விடுமுறையில் ஒரு வாரத்தைக் கழித்த வகையை எடுத்துரைக்க விரும்புகிறேன். 2001ஆம் ஆண்டில், அந்நகரப் பல்கலைக் கழகத்தில் பயின்ற மிஸ்டி மெக்கெல்ராய் என்னும் மாணவி, தம் படிப்பின் ஒரு பகுதியாகவே, சிறுமியர்க்கென ராக் இசை முகாம் ஒன்றைத் தொடங்கினார்.

ராக் இசை என்றதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் புன்முறுவல் பூப்பது தெரிகிறது. இரைச்சல் என்பீர்கள், மறுக்க வரவில்லை. அவ்விரைச்சலை எழுப்பும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே என் வினா. பெண்ணை மேடை நடுவே பாட விட்ட அவ்வுலகம், அவள் பின்னே டிரம்ஸும் மின் கிட்டாரும் வாசிக்கப் பெரும்பாலும் ஆடவரையே நிறுத்திற்று.

முகாமுக்கு 8 வயதுச் சிறுமியும் வருவாள். பதின்வயதுப் பெண்ணும் வருவாள். பலர் வாத்தியத்தைத் தொட்டும் அறியாதவர். முன்பின் அறிமுகமற்ற நால்வர் ஐவர் கூடி ஒரு குழுவாகி, அதற்குத் தாமே பெயர் சூட்டி, தாமே ஒரு பாட்டுக் கட்டி, வார முடிவில் பொதுமக்கள் முன் அரங்கேற்ற வேண்டும். ஒரு வாரத்தில் அரங்கேற்றமா? நம் பாட்டு வாத்தியாரிடம் அதற்குள் சரளி வரிசையே முடிந்திராது! இசையோடு தற்காப்புப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. இத்தகைய முகாம்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. பிழையாக வாசித்த சிறுமி மன்னிப்புக் கேட்கலாகாது. 'ஐ ராக்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். நான் வல்லவள் என்று நாம் பொருள் கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

பின்னர் நியூயார்க்கில் எழுந்த முகாம், வில்லி மே தார்ன்டன் என்னும் கறுப்பினப் பாடகியின் பெயரைத் தாங்கிற்று. டிரம்ஸும் மவுத் ஆர்கனும் தாமே கற்றுக்கொண்டவர் அவ்வம்மையார். 'ஹவுண்ட் டாக்' என்னும் பாட்டை 1952இல் முதன்முதல் இசைத்தட்டில் பதிந்தவர் அவரே. 1956இல் எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாடினார். உலகம் அதை அவர் பாட்டென்றே கொண்டது. தமக்கு அதனால் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றே என்று தார்ன்டன் கூறினார். அவர் மறைந்தது 1984இல்; ராக் இசைப் புகழ் மண்டபம் அவரை ஏற்றுக்கொண்டது 2024இல்.

வெளிநாட்டுக் கதைதானே என்று எண்ண வேண்டாம். 2012 டிசம்பரில், ஸ்ரீநகரில் நடந்த இசைப் போட்டியொன்றில் பள்ளிச் சிறுமியர் மூவர் 'பிரகாஷ்' என்ற பெயரில் ராக் இசைத்தனர். வசைகளும் மிரட்டல்களும் குவிந்தன. மதத் தலைவர் ஒருவர் தடை விதித்தார். 2013 பிப்ரவரியில் அக்குழு கலைந்தது. பெயரின் பொருள் ஒளி என்பதாம்.

நம் சங்கத்து இசை வகுப்பில், வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் பெண் குழந்தைகள் நிறைய இருக்கின்றனர். மிருதங்கத்துக்கு ஒருத்தியும் இல்லை. இவ்வாண்டு இரு சிறுமியர் அதற்கு இடம் கேட்டு எழுதியிருக்கின்றனர். கை முரடாகிவிடுமே என்று வீட்டில் தயங்குகிறார்களாம். அப்பெற்றோரும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றனர். விண்ணப்பத் தாள் செயலாளரிடம் இருக்கிறது. கையெழுத்து மட்டுமே பாக்கி.