கோல் முகப்பில் நின்ற நெடியவர்



தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் நாளிதழைப் பிரித்ததும், நம் பக்கத்து ஊர்ப் பெயர் எங்கேனும் அச்சாகியிருக்கிறதா என்று கண் தானாகவே தேடும். மழை பெய்த செய்தியாயினும் சரி, ரயில் தாமதமான செய்தியாயினும் சரி, அந்தப் பெயரைக் கண்டதும் மனத்துக்கு ஒரு நிறைவு. 1955-ஆம் ஆண்டிலும், பிறகு 1958-ஆம் ஆண்டிலும் தலைநகரில் வாழ்ந்த தமிழர்களுக்கு அத்தகைய நிறைவை ஒரு மலையூரின் பெயர் அளித்தது. நீலகிரியில் குன்னூருக்கு அருகிலுள்ள வெலிங்டன்தான் அந்த ஊர். அங்கிருந்து வந்த மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் கால்பந்துக் குழு, அவ்விரண்டு ஆண்டுகளிலும் டில்லியில் டூரண்ட் கோப்பையை வென்றது. அந்தக் குழுவின் கோல் முகப்பில் நின்று காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவரைப் பற்றியும் அவர் ஆடிய காலத்தைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் டூரண்ட் கோப்பை என்பது எத்தகையது என்று பார்ப்போம். 1888-ஆம் ஆண்டு சிம்லா மலையில், அன்றைய இந்திய அரசின் வெளிநாட்டுச் செயலாளராக இருந்த மார்ட்டிமர் டூரண்ட் என்ற ஆங்கிலேயர் தொடங்கி வைத்த போட்டி அது. உலகின் மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளுள் ஒன்று. நெடுங்காலம் வரையில் பிரிட்டிஷ் படையணிகளே அதை மாறி மாறி வென்று வந்தன. 1940-ல் போட்டி டில்லிக்கு இடம் பெயர்ந்தது. அந்த ஆண்டே கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் குழு ஒரு பிரிட்டிஷ் படையணியைத் தோற்கடித்துக் கோப்பையைக் கைப்பற்றியது. டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு அதுவே. பின்னர்ப் போரும் பிரிவினையும் குறுக்கிட்டன. 1950-ல் போட்டி மீண்டும் உயிர்பெற்றபோது ஹைதராபாத் நகரப் போலீஸும், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் அதில் கொடிகட்டிப் பறந்தன. இந்த மூன்று பெருங்குழுக்களின் நடுவே புகுந்துதான் 1955-ல் வெலிங்டன் வீரர்கள் வென்றார்கள். பிரிட்டிஷ் படையணிகள் பரம்பரைச் சொத்துப்போல் வைத்திருந்த கோப்பையைச் சுதந்திர இந்தியாவின் படையணி ஒன்று முதன்முதலாகப் பெற்றது அப்பொழுதுதான்.

இதில் நமக்கு வேறொரு மகிழ்ச்சியும் உண்டு. விந்தியத்துக்குத் தெற்கே பிறந்தவர் எவராயினும் அவரை 'மதராஸி' என்று அழைப்பது அந்நாளில் வட நாட்டு வழக்கம். அன்போடு சொன்னவர்களும் உண்டு. ஏளனமாகச் சொன்னவர்களும் உண்டு. கரோல் பாகில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த குமாஸ்தாக்களுக்கு இந்த இரண்டு தொனிகளும் நன்கு பழக்கமானவையே. ஆனால் மதராஸ் ரெஜிமெண்டோ அதே சொல்லைத் தன் போர்முழக்கத்தில் 'வீர மதராஸி' என்று பெருமையோடு வைத்திருக்கும் படை. தமிழர், மலையாளி, ஆந்திரர், கன்னடியர் என்ற வேற்றுமை அதன் அணிவகுப்பில் இல்லை. அத்தகைய படையின் குழு தலைநகரத்திலேயே கோப்பையை ஏந்தி நின்றபோது, அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்கும் செவிக்கு மறுநாள் அது சற்று வேறு விதமாக ஒலித்திருக்கும் அல்லவா?

இனி, தங்கராஜ் என்ற மனிதருக்கு வருவோம். அவர் 1935-ல் அன்றைய ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தவர். செகந்தராபாத் படைவீட்டுப் பகுதியில், பழைய சென்னை ராணுவத்தோடு வந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. கால்பந்து அங்கே தெருவுக்குத் தெரு செழித்தது. தங்கராஜோடு இந்தியாவுக்கு ஆடிய துளசிதாஸ் பலராமும் அந்தச் செகந்தராபாத் மண்ணின் பிள்ளையே. மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர்க் குழுக்களில் ஆடிப் பழகிய தங்கராஜ், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து வெலிங்டனுக்கு வந்தார்.

அவர் தொடக்கத்தில் கோல் காப்பவராக ஆடவில்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். கோல் போடுவதையே தொழிலாகக் கொண்ட சென்டர் ஃபார்வர்டாகத்தான் அவர் ஆடிவந்தார். பிறகுதான் கோல் முகப்புக்கு மாறினார். ஆறடிக்கு மேல் வளர்ந்த உயரமும் நீண்ட கைகளும் அந்த இடத்துக்கென்றே அமைந்தவை போலிருந்தன. அதோடு, தாக்குகிறவன் எந்தக் கணத்தில் எந்த மூலையைக் குறிவைப்பான் என்பது முன்பு தாக்கிப் பழகியவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்? திருடன் வரும் வழியைத் தெரிந்த காவலனைப் போல அந்தப் பழைய அனுபவம் அவருக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

அந்நாளில் கோல் காப்பது இன்றைப்போல் அன்று. தோலினால் தைத்த பந்து மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். இன்று காப்பாளர்கள் அணிகிற மெத்தென்ற கையுறைகள் அன்று வழக்கத்தில் இல்லை. உயரப் பந்துக்கு எழும்புகிற காப்பாளரைத் தோளால் மோதித் தள்ளுவதையும் விதி ஓரளவு அனுமதித்தது. ஆகவே, கூட்டத்தின் நடுவே எழும்பி வெறுங்கையால் பந்தைப் பற்றுவதற்கு உயரம் மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட்டு நகர்ந்து போவது எளிது. ஆனால் பழமையைப் போற்றுகிறவர் கணக்கையும் சரியாக வைத்திருக்க வேண்டும். 1951 மார்ச்சில் இதே டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. தேசிய மைதானத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலினால் இந்தியா ஈரானை வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றோம். நம்மவர் பலர் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அந்தத் தோல்விக்குப் பின்னரே காலணி அணிந்து ஆடுவது நம் நாட்டில் கட்டாயமாயிற்று. 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்று வென்று நான்காம் இடம் பெற்றோம். அந்த ஆட்டத்தில் நெவில் டி'சோஸா மூன்று கோல்கள் போட்டார். அந்தக் குழுவோடு சென்றவர்களுள் தங்கராஜும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று நிரம்பவில்லை. 1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டிலும் நமக்கு நான்காம் இடமே. ஆயினும் அதே ஆண்டில் ஆசியாவின் தலைசிறந்த கோல் காப்பாளர் என்ற பெயர் தங்கராஜுக்குக் கிடைத்தது.

1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் நாம் ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று சமன் செய்தோம். பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஹங்கேரி வெண்கலப் பதக்கம் பெற்ற குழு என்பதை நினைத்தால், ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றதன் பெருமை விளங்கும். அதற்குப் பின் இந்தியக் கால்பந்துக் குழு ஒலிம்பிக் மைதானத்தில் கால் வைக்கவேயில்லை.

இந்தக் குழுக்களையெல்லாம் உருவாக்கியவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அவருடைய உழைப்பின் கனி 1962-ல் ஜகார்த்தாவில் பழுத்தது. அந்த ஆசிய விளையாட்டுக்கு இஸ்ரேலும் தைவானும் அழைக்கப்படாததைக் கண்டித்து, இந்தியரான சோந்தி பேசியிருந்தார். அதனால் இந்தோனேசிய மக்கள் நம்மீது சினங்கொண்டிருந்தார்கள். அரங்கத்தில் நம் வீரர்களுக்கு எதிராகவே கூச்சல் எழுந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றதோ, முதற்சுற்றில் நம்மை இரண்டு கோல்களால் வென்றிருந்த தென்கொரியா. ஜர்னைல் சிங் தலையில் பட்ட காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டு ஆடினார். காய்ச்சலினால் அரையிறுதியில் ஆடாதிருந்த தங்கராஜ், இறுதி ஆட்டத்துக்கு எழுந்து வந்து கோல் முகப்பில் நின்றார். பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று என இரண்டு கோல்கள் நமக்கு, கொரியருக்கு ஒன்று. 1962 செப்டம்பர் 4-ஆம் நாள் தங்கம் மீண்டும் நமதாயிற்று. புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்தக் குழுவை நடத்திச் சென்ற ரஹீம், மறு ஆண்டு ஜூன் மாதத்தில் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை. 1970-ல் பாங்காக்கில் பெற்ற வெண்கலமே கடைசிப் பதக்கம்.

ஏன் இப்படியாயிற்று என்று நேயர்கள் கேட்கலாம். அன்றைய வீரர் வல்லவர், இன்றைய வீரர் சோம்பேறி என்று சொல்வது நியாயமாகாது. நாம் நின்ற இடத்திலேயே நின்றோம். ஜப்பானும் கொரியாவும் நடந்து போய்விட்டன. அவர்கள் பள்ளியிலிருந்தே பயிற்சியைத் தொடங்கி, நாடு தழுவிய லீக் போட்டிகளை அமைத்தார்கள். நாமோ ஊருக்கு ஊர் கோப்பைப் போட்டிகளோடு நெடுநாள் திருப்தியடைந்திருந்தோம். ஆனால் அந்தப் பழைய அமைப்பில் ஒரு நன்மையும் இருந்தது. ராணுவம், போலீஸ், ரயில்வே ஆகியவை ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேலை கொடுத்து, வயிற்றுக் கவலையின்றி ஆட விட்டன. படையில் சேராதிருந்தால் தங்கராஜ் என்ற காப்பாளர் நமக்குக் கிடைத்திருப்பாரா என்பது ஐயமே. ஆகவே அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர் எதற்காக ஏங்குகிறோம் என்று தெளிவாக அறிந்து ஏங்குவது நல்லது. கோல்களின் எண்ணிக்கையைவிட, விளையாடுகிறவனுக்கும் சோறு உண்டு என்ற அந்த உறுதி நம் ஏக்கத்துக்குத் தகுதியானது.

தங்கராஜின் பிற்கால வாழ்க்கை நம்மில் பலருடைய வாழ்க்கையைப் போன்றதே. 1960-ல் சர்வீசஸ் குழுவுக்குத் தலைமை தாங்கிச் சந்தோஷ் கோப்பையை வென்று தந்தார். பிறகு ராணுவத்தை விட்டுக் கல்கத்தாவில் குடியேறினார். முகம்மதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற மூன்று பெருங்குழுக்களுக்கும் ஆடினார். ஒன்றின் ரசிகர் மற்றொன்றின் ரசிகரோடு பேசவும் தயங்கும் அந்த நகரத்தில், மூன்று தரப்பாரும் அவரைத் தம்மவர் என்று ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று. 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். பின்னர் இரும்பு உருக்கும் நகரமான பொகாரோவுக்குச் சென்று, இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, 2008 நவம்பர் மாதத்தில் அங்கேயே காலமானார். ஹைதராபாத், வெலிங்டன், கல்கத்தா, பொகாரோ என்று அவர் வாழ்ந்த ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். வேலை அழைத்த இடத்துக்கெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு போய், போன இடத்தில் நல்ல பெயர் எடுத்துத் தந்த ஒரு மனிதரின் வரிசை அது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அவர் வாழ்ந்தது வெலிங்டனில். ஆயினும் போன ஊரிலெல்லாம் தங்கராஜ் என்ற தமிழ்ப் பெயரையே கூட்டம் உரக்கச் சொல்லிக் கூவியது.

நமக்கு இப்பொழுது ஒரு கடமை இருக்கிறது. அக்காலத்து ஆட்டங்கள் திரைச் சுருளில் அடங்கியவை மிகக் குறைவு. பெரும்பாலானவை பத்திரிகைத் துணுக்குகளிலும் பார்த்தவர் நெஞ்சிலும்தான் உள்ளன. டூரண்ட் போட்டியே இன்று டில்லியை விட்டுப் போய்விட்டது. 2019 முதல் அதன் முக்கிய களம் கொல்கத்தா. அந்தப் போட்டிக்கு நெடுங்காலம் வீடாக விளங்கிய, டில்லி கேட் அருகிலுள்ள அம்பேத்கர் மைதானத்தைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். அதன் பழைய பெருமையை அறிந்தவர் சிலரே. 1958-ல் பத்து வயதுச் சிறுவனாகத் தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனவருக்கு இன்று எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

அத்தகைய பெரியவர் யாரேனும் உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ, தமிழ்ச் சங்கக் கூட்டத்திலோ இருக்கக்கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போய் உட்காருங்கள். தங்கராஜைப் பார்த்ததுண்டா, டிக்கெட் எவ்வளவு, எந்தப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தீர்கள், திரும்பும்போது நடந்து வந்தீர்களா, பஸ்ஸில் வந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டொரு விவரம் முன்பின் ஆகலாம், அதனால் குற்றமில்லை. பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திக் கேட்கச் செய்யுங்கள். சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு நிலமும் தோப்பும் இல்லாமற் போகலாம். இத்தகைய நினைவுகளையாவது அடுத்த தலைமுறைக்கு நாம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.