முகாம் முடிந்த மறுநாள்

(நெல்லியடியில் ஆகஸ்ட் விடுமுறையில் இளைஞர்களுக்காக நடந்த தலைமைத்துவப் பயிற்சிப் பகல் முகாமின் கடைசி நாளன்று, எமது சங்கத்தின் இளைஞர் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை. முகாமுக்கு வர முடியாமற்போன தோட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆறு நாட்களாக எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்து, காலையில் இடியப்பமும் சொதியும் கொடுத்து முகாமுக்கு அனுப்பிய நெல்லியடி, கரவெட்டித் தாய்மாருக்கு அந்த நன்றி. இது பகல் முகாம். காலை எட்டு மணிக்கு வந்து மாலை நாலு மணிக்கு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் வந்த மலைநாட்டுப் பிள்ளைகள் மாலையில் எந்த வீட்டுக்குப் போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் கதவைத் திறந்துவிட்டீர்கள். கிளிநொச்சியிலிருந்து வந்த பிள்ளைகள் சிலரின் தாத்தா பாட்டிகளும் மலையில் பிறந்தவர்கள்தான். 1977இலும் 1983இலும் அடிபட்டு, தட்டுமுட்டுச் சாமான்களோடு வடக்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஆகவே இந்த முகாமில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று பிரித்துச் சொல்வது கொஞ்சம் கடினம்.

பதாகையில் “தலைமைத்துவப் பயிற்சி” என்று எழுதியிருக்கிறது. இந்தச் சொல்லைக் கேட்டு எங்களுக்குக் கொஞ்சம் அலுத்துப் போய்விட்டது. எங்கள் பக்கம் ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது வந்து இப்படி ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு ரீ-சேர்ட் கொடுப்பார்கள், கை தட்டச் சொல்வார்கள், மேடையில் மூன்று நிமிடம் பேசச் சொல்வார்கள். கடைசியில் ஒரு சான்றிதழ். அதைச் சட்டம் போட்டு லயத்துக் காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பார்கள். மறுநாள் அந்தப் பிள்ளையிடம் தோட்டத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை, எந்தப் பொறுப்பையும் கொடுப்பதுமில்லை. ஆறு மாதத்தில் பிள்ளை கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விடும். சான்றிதழ் மட்டும் சுவரில் இருக்கும்.

தோட்டத்தில் “தலைவர்” என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார். பெரட்டுக் களத்தில் விடிகாலையில் நிற்பவர். ஒரு அம்மாவின் கொழுந்து நிறை குறைந்ததென்று அரைப் பேர் போட்டால், கணக்கப்பிள்ளையிடம் போய்த் தராசைக் காட்டச் சொல்பவர். லயத்துக் கூரை ஒழுகினால் துரையிடம் போவதும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்பதும் அவர்தான். அவருக்கு யாரும் முகாம் நடத்தவில்லை. பெரியவர்கள் பின்னால் நடந்து நடந்து கற்றுக்கொண்டவர். இப்போது அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பின்னால் நடக்க ஆளில்லை. அதனால்தான் இந்த விடயத்தில் எங்களுக்கு இவ்வளவு அக்கறை.

இந்த முகாமில் நாங்கள் பார்த்தது வேறு. இரண்டாம் நாளே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் இந்த ஊர்ச் சின்னப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஒப்படைத்தார்கள். விளையாட்டு, பாட்டு, கை கழுவுவது, சண்டை தீர்ப்பது, நாலு மணிக்கு ஒவ்வொருவரையும் தாயின் கையில் கொடுப்பது, எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடை விடுமுறைப் பகல் முகாம்களில் இது பழைய வழக்கம். சின்ன வயதில் முகாமுக்கு வந்து விளையாடிய பிள்ளை, பதினைந்து வயதானதும் அதே முகாமில் சின்னவர்களைப் பார்க்கும் பயிற்சிக்கு வரும். இந்த ஊரிலிருந்து டொராண்டோ போன குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே அது பிற்காலத்தில் வேலை தேடும்போதும் உதவுகிறது. எங்களுக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: எட்டு வயதுப் பிள்ளையை மேடைப் பேச்சால் ஏமாற்ற முடியாது. நீங்கள் சொன்னதைச் செய்யாவிட்டால் அது உடனே முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

மதியச் சாப்பாட்டுக் காசையும் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கணக்கில் 140 ரூபா குறைந்தது. பெரியவர்கள் யாராவது சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கொப்பியை எல்லோர் முன்னிலையிலும் வரி வரியாக உரக்க வாசித்தார்கள். யாரையும் பார்த்துக் “கள்ளன்” என்ற சொல் வரவில்லை. கடைசியில், அவசரத்தில் வாங்கிய தேங்காய் எழுதப்படவில்லை என்று சமையலுக்கு நின்ற அம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தோழர்களே, தொழிற்சங்கத்தின் அரைவாசி இதில் அடங்கிவிடுகிறது. 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அதே சட்டம் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பவும் சொல்கிறது. ஏழு பேரைச் சேர்ப்பது சுலபம். சந்தா கொடுத்தவர்கள் முன்னால் கொப்பியை உரக்க வாசிப்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

விடுமுறையில் இளைஞர்களைக் கூட்டி வேலை பழக்குவது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் குருநாகல் பக்கம் கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு அழைத்துப் போனார். சிங்களச் சமூகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட ரொடியர் மக்களின் கிராமம் அது. நகரத்து மாணவர்கள் அங்கே மண் வெட்டினார்கள், அந்த மக்களோடு பழகினார்கள். அந்த விடுமுறை முகாமிலிருந்து வளர்ந்ததுதான் சர்வோதய சிரமதான இயக்கம்.

யாழ்ப்பாணத்தில் அதற்கும் முன்பே, 1924இல், மாணவர் காங்கிரஸ் தொடங்கியது. பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து நடத்தியது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்கள். சாதி வேற்றுமைக்கு எதிராகவும், முழுச் சுதந்திரம் வேண்டுமென்றும் அந்தக் காலத்திலேயே பேசினார்கள். 1931இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். இந்தப் பருத்தித்துறைத் தொகுதி உட்பட வடக்கில் நான்கு தொகுதிகளில் யாரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவர்கள் துணிவை மதிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண்களுக்கும் சொத்தில்லாத ஏழைகளுக்கும் முதன்முதலாக வாக்குக் கிடைத்த தேர்தல் அது. தோட்டத்துக்காரி ஒருத்தியிடமோ, வெங்காயம் கிண்டும் கூலிக்காரர் ஒருவரிடமோ, “உன் முதல் வாக்கைப் போடாமல் இருப்பாயா?” என்று யாரும் உட்கார்ந்து கேட்டார்களா? படித்த இளைஞர்களின் நல்ல முடிவும், யாருக்காக எடுக்கிறார்களோ அவர்களைக் கேட்காமல் எடுத்தால் இப்படி ஒரு பக்கம் வெறுமையாகிவிடும் என்று எங்களுக்குப் படுகிறது. வாக்கின் அருமை மலையகத்துக்குத்தான் தெரியும். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள், அதோடு வாக்கும் போனது. மிச்சமிருந்த கடைசி ஆட்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இந்த வடமராட்சி மண்ணில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இதைச் சொல்லலாமா என்று யோசித்தோம். சொல்லத்தான் வேண்டும். ஆறு நாளும் நீங்கள் எல்லோரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டீர்கள், ஒரே மாதிரிக் கிளாசில் தேநீர் குடித்தீர்கள். உங்கள் தாத்தாமார் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் எல்லோருக்கும் ஒரே குவளை இல்லை. சிலருக்குத் தனிக் குவளை, சிலருக்கு உள்ளே இடமே இல்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சூரன் என்ற பெரியார் பாடுபட்டு உருவாக்கிய தேவரையாளிப் பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் குவளை மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதன்பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் இளைஞர்கள் தேநீர்க் கடைகளுக்குள் போய் இருந்தார்கள். அடிபட்டார்கள். சிலர் உயிரையும் கொடுத்தார்கள். அந்தக் குவளையில் இருந்த தேயிலையை எங்கள் பாட்டிமார் கொய்தார்கள். அங்கே அட்டை கடிக்கக் கடிக்கக் கொய்த கொழுந்து, இங்கே ஒரு மனிதனை வெளியில் நிறுத்தி வைக்கப் பயன்பட்டிருக்கிறது. இது எங்கள் பக்கத்துப் பலருக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பிப் போகும்போது பிள்ளைகள் இதைத்தான் பேசிக்கொண்டு போக வேண்டும். எங்கள் லயங்களுக்குள்ளும் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்ற கணக்கு இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நேற்றுப் பிற்பகல் நடந்த சம்பளச் சீட்டுப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது புதுமையாக இருந்தது. கணக்குக்கு வசதியாக ஒரு நாளுக்கு 1,000 ரூபா என்று வைத்தோம். 20 பேர் விழுந்தால் 20,000. அதில் தொழிலாளி பங்காக 8 வீதம், 1,600 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிக்கப்படும். நிர்வாகம் தன் பங்காக 12 வீதம், 2,400 போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், 600, அதுவும் நிர்வாகத்தின் கையிலிருந்துதான் போக வேண்டும், சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இதைச் செய்து முடித்ததும் ஒரு தம்பி தன் அம்மாவின் பழைய சீட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தான். அவனை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் லயத்தில் பத்து வீட்டுச் சீட்டைக் கூட்டிப் பாருங்கள். மேடையில் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கூட்டல் பிழைக்கக் கூடாது.

இப்போது பெரியவர்களிடம், குறிப்பாக இந்த உரையை எங்கள் இதழில் வாசிக்கப் போகும் தோட்டத் தலைவர்களிடமும் கமிட்டி உறுப்பினர்களிடமும் ஒரு பேச்சு. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சந்தாவில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பு. தோட்டக் கமிட்டியில் எத்தனை பேர் பெண்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மாதர் சங்கம் என்று ஒன்றை வைத்து, மே தினத்துக்குச் சேலை கட்டி ஊர்வலத்தில் முன்னால் நடக்க விடுகிறோம். அந்தக் காலத்தில் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டிய மீனாட்சி அம்மாளை மேடையில் ஒவ்வொருவரும் புகழ்கிறோம். அவர் வழியில் வரக்கூடிய பெண்பிள்ளைக்குக் கணக்குக் கொப்பியைக் கொடுக்க மட்டும் கை வருவதில்லை. உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்து, 2018இல் அதன்படி தேர்தலும் நடந்தது. ஆசனத்தைச் சட்டம் கொடுத்தது. கூட்டத்தை நடத்திப் பழகும் இடத்தை நாம் கொடுக்க வேண்டும்.

இந்த முகாமுக்கு மலையிலிருந்து வந்தவர்களில் பெண்பிள்ளைகள் குறைவு. காரணம் எல்லோருக்கும் தெரியும். “இராத் தங்க வேண்டிய இடத்துக்கு அனுப்ப மாட்டோம்” என்று தாய்மார் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்றால், அது நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிற முகாம் என்பதால்தான். அதனால் டிசம்பர் விடுமுறையில் முகாமைத் தோட்டத்துக்கே கொண்டு போகிறோம். பிள்ளைக் காம்பராவையோ வாசிகசாலையையோ கேட்டு வாங்குவோம். பெரட்டுக்குப் போகும் தாய்மார் போகிற வழியில் பிள்ளையை விட்டுவிட்டு, மலையிலிருந்து இறங்கும்போது கூட்டிக்கொண்டு போகலாம். இந்த முறை நெல்லியடிப் பிள்ளைகள் விருந்தாளிகள். லயத்தில் காம்பரா சின்னது, குளிர் அதிகம், கம்பளி கொண்டு வாருங்கள்.

இன்னொன்றையும் எங்கள் பிரிவு முடிவு செய்திருக்கிறது. டிசம்பர் முகாம் முடிந்த பிறகு, முகாமுக்கு வந்த பிள்ளைகளில் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலும் உட்கார்ந்து கூட்ட அறிக்கை எழுத வேண்டும் என்று கேட்கப் போகிறோம். வாக்கு வேண்டாம், பதவி வேண்டாம். அறிக்கை எழுதி, அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்கட்டும். தலைவர்மார் சிலர் “சின்னப் பொடியனுக்கு என்ன தெரியும்?” என்பார்கள். போன கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும், தலைவரே. சிலருக்கு அதுதான் பயம்.

பிள்ளைகளே, பஸ் ஆறு மணிக்கு. கணக்குக் கொப்பியை முகாம் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டாம், நீங்களே கொண்டு போங்கள். இன்னும் முப்பது பக்கம் மிச்சமிருக்கிறது, டிசம்பருக்குப் போதும். கடைசிப் பக்கத்தில் தேங்காய்க் காசு எழுதியாயிற்றா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.