கேசட்டும் இரைச்சலும்

தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்கள் பலவற்றில் பீரோவின் அடித்தட்டில் ஒரு டப்பா நிறையக் கேசட்டுகள் இருக்கும். சில கடையில் வாங்கிய பக்திப் பாடல்கள். சில வானொலிக் கச்சேரியைப் பதிவு செய்து கொண்டவை. ஒன்றிரண்டு, கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து பாட்டியோ தாத்தாவோ பேசி அனுப்பியவை. முன்னவற்றை வேறெங்கேனும் தேடிப் பெறலாம். பாட்டியின் பேச்சுக்கு மறுபிரதி கிடையாது. அதைக் கேட்க இரைச்சலற்ற கையடக்கக் கருவி எது என்று வினவுவோர், முதலில் இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமே உடையது, வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. இத்துணைக் குறுகிய தடத்தில், காந்தத் துகள்களின் ஒழுங்கின்மையே ஓயாத சீறலாகக் கேட்கிறது. இதைத் தணிக்க வழி கண்டவர் ரே டால்பி. 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டீகரில் பணியாற்றிய பின், அவர் இலண்டனில் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். பதிவின்போது மெல்லிய உச்ச ஒலிகளை உயர்த்தி வைப்பதும், கேட்கும்போது அதே அளவு தாழ்த்துவதும் அவருடைய முறை. தாழ்த்தும்போது சீறலும் உடன் தாழ்கிறது. 1968-இல் வந்த டால்பி 'பி' சுமார் 10 டெசிபல் குறைக்கும். 1980-இல் வந்த 'சி' சுமார் 20 டெசிபல்.

உயர்த்தாத ஒன்றைத் தாழ்த்தினால் என்னாகும்? குரலின் தெளிவும் சேர்ந்து மங்கும். நம் வீடுகளில் சாதாரண டேப் ரிக்கார்டரில் பதிவான நாடாக்களில் பெரும்பாலானவை டால்பி அறியாதவை. உறையில் இரட்டை 'டி' முத்திரை உள்ள நாடாவுக்கே அந்தப் பொத்தான் பயன்படும். அத்தகையவை மிகுதியாக உள்ளோர் 'பி', 'சி' இரண்டும் கொண்ட, 1984-இல் வெளிவந்த சோனி டபிள்யூ.எம். டி6சி போன்ற பழங்கருவியைத் தேடலாம், விலை மிகுதிதான். இன்று புதிதாக விற்கும் சிறு கருவிகளில் டால்பி பெரும்பாலும் இல்லை. 'நாய்ஸ் கான்சலேஷன்' என்று காதுக்கருவிகளுக்குச் செய்யும் விளம்பரம் வேறு. அது ரயிலின் ஓசையை அடக்கும், நாடாவின் சீறலைத் தொடாது.

ஆகவே டால்பி இல்லாத நாடாவுக்கு வேண்டுவன சீரான வேகமும் செம்மையான ஒலித்தலையும். தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ மும்பை லாமிங்டன் சாலையிலோ பழைய கருவி பார்க்கப் போகிறவர்கள், தம்புரா நீண்டொலிக்கும் ஒரு நாடாவைக் கையோடு கொண்டு செல்லட்டும். வேக அசைவைப் பேச்சு மறைத்துவிடும், தம்புரா மறைக்காது. சுருதி நடுங்கினால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அது மாற்றக்கூடியதே, தேய்ந்த ஒலித்தலையை மாற்றுவதுதான் அரிது. வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். பாட்டியின் குரல் வேறொருவர் குரலாகும்.

ஒலித்தலையின் கோணம் பலரும் கவனியாத செய்தி. பதிவு செய்த கருவியில் தலை சற்றுச் சாய்ந்திருந்தால், நேரான தலையில் அந்நாடா மந்தமாகவே ஒலிக்கும். தலையின் அருகிலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி, 'ச', 'ஷ' ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துதல் வேண்டும். இச்சிறு வேலையால் கிடைக்கும் தெளிவை எந்தப் பொத்தானும் தராது என்பது என் கருத்து. கேசட்டினுள் நாடாவைத் தலையோடு அழுத்தும் கம்பளித் துண்டு உதிர்ந்திருந்தாலும் ஒலி மங்கும். அப்போது நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுவிக்க வேண்டும்.

வாங்கிய கருவியில் முதலில் இழந்தாலும் கவலையில்லாத ஒரு நாடாவை ஓடவிடுங்கள். அது சிக்காமல் ஓடினால் அருமையானதைப் போட்டு, அந்த முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்து கொள்ளுங்கள். டால்பி இல்லாத நாடாவாயின் பொத்தான் அணைந்தே இருக்கட்டும். சீறலைப் பின்னர் பிரதியில் குறைத்துப் பார்க்கலாம், முதற்பதிவைத் தொடவேண்டாம். ஓடி முடிந்த நாடாவைப் பின்சுற்றாமல், சீராகச் சுற்றிய நிலையிலேயே டப்பாவில் வைத்துவிடலாம்.