குறைமாதப் பிள்ளையின் தோல்

(பெண்கள் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு வராந்தாவில் காத்திருக்கும் தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பிள்ளையின் மேலெல்லாம் ஏன் இப்படிச் சிவந்து உரிந்து கிடக்கிறது? யாரும் சரியாகக் கவனிக்கவில்லையா?"

நிறைமாதப் பிள்ளைக்குத் தோலின் மேலடுக்கு பிறக்கும்போதே உறுதியாக இருக்கும். 30 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு அது மிக மெல்லியது. உடம்பின் நீரும் சூடும் அதன் வழியே வெளியேறும்; கிருமி எளிதாக உள்ளே நுழையும். அது கெட்டிப்படச் சில வாரங்கள் ஆகும். அதுவரை, குழாயை ஒட்டிய பிளாஸ்திரியை எடுத்தாலே மேல்தோல் சேர்ந்து வரலாம். மூச்சுக்கருவி அழுத்தி மூக்கு புண்ணாகலாம். டிரிப் மருந்து வெளியே கசிந்த இடம் வீங்கலாம். நல்ல கவனிப்பிலும் இவை நேர்வதுண்டு. ஆனாலும் புதிதாக எதைக் கண்டாலும் நர்சிடம் உடனே காட்டுங்கள், தயங்க வேண்டாம்.

எண்ணெய் தடவலாமா? டாக்காவில் 33 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் அவர்களுக்கு 41 சதவீதம் குறைந்ததாக 2005இல் முடிவு வெளியானது. ஆனால் அது மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த எண்ணெய். அவர்கள் மேற்பார்வையில் தடவியது. எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. கடுகெண்ணெய் தோலுக்குக் கெடுதல் செய்யக்கூடும். எனவே வீட்டிலிருந்து எண்ணெயோ பவுடரோ கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் தடவாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது பெரிது. மோதிரம், வளையல் கழற்றி, முழங்கை வரை கைகழுவுங்கள். மருத்துவர் சம்மதித்தால் பிள்ளையை நெஞ்சோடு, தோலோடு தோலாக அணைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் அணைப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தாயால் முடியாத நேரத்தில் தகப்பனாரும் அணைக்கலாம்.

ஏழாம் நாள் முடி இறக்க வேண்டுமே என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். அந்தத் தலையில் கத்தி பட்டால் காயமாகும். பிள்ளை தேறி வந்தபின் செய்வதைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு வந்தபின் தொப்புளைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ்க்கொப்புளம் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.