வாடகை நாவும் சொந்த முகமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



கடைக்குச் சவர்க்காரம் வாங்கப் போகின்றோம். "எது வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்கிறார். பெயர் நினைவுக்கு வருவதில்லை. "அந்த நடிகை போடுகிறது" என்கின்றோம். அவர் அதைப் போடுகிறாரோ இல்லையோ, யார் கண்டார்? போடுவதாகச் சொல்வதற்குப் பணம் பெற்றார் என்பது மட்டுமே நிச்சயம்.

இவ்வழக்கம் பழையது. 1941ஆம் ஆண்டிலே லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் தோன்றிய லீலா சிட்னிஸ் என்பவரே, அவ்விளம்பரத்தில் இடம்பெற்ற முதலாவது இந்திய நடிகையாவார். பின்னர் விளையாட்டு வீரர்கள் வந்தனர். இன்று கைத்தொலைபேசியிலே படம் காட்டிப் புகழடைந்தோரும் வந்துவிட்டனர். இவர்கள் எல்லோரும் விற்பது ஒரே சரக்கு. அது நாம் அவர்கள்மேல் வைத்த நம்பிக்கை.

விளம்பரம் யாவும் தீது என்று வாதிக்க நாம் வரவில்லை. வணிகப் பெருமக்களின் விளம்பரங்கள் இன்றேல் எமது ஆண்டு மலரே மலராது. ஆனால் அவர்கள் தமது பெயரையும், தெருவையும், சரக்கையும் தாமே சொல்கின்றனர். சரக்குப் பிழைத்தால் கடைவாசலிற் போய்க் கேட்கலாம். நடிகரிடம் எங்கே போய்க் கேட்பது? இந்தியாவில் 2019இல் நிறைவேறிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. மனச்சாட்சி செய்யவேண்டிய வேலையைச் சட்டம் செய்யவேண்டி வந்துவிட்டது!

இனி, எம் வீடுகளைத் தொடும் விடயத்துக்கு வருவோம். 1975இல் இந்தியாவிலே விற்பனைக்கு வந்த 'பெயார் அன்ட் லவ்லி' என்னும் முகக் களிம்பின் பெயர் 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' என மாற்றப்பட்டது. பெயர் மாறிற்று, நிறமே அழகு என்று 45 ஆண்டுகள் ஊட்டிய எண்ணம் மாறிற்றா? ஆயினும் பழி முழுவதையும் களிம்பின்மேற் போடுதல் நியாயமன்று. கண்ணனைக் கார்வண்ணன் என்று போற்றுகின்றோம். கருநிறக் காளியைக் கைகூப்பித் தொழுகின்றோம். கோயிலாற் திரும்பியதும் தங்கையின் நிறத்தைக் குறைசொல்கின்றோம். கலியாணப் பேச்சிலே "பிள்ளை நல்ல நிறமோ?" என்று முதலிற் கேட்டது விளம்பரக்காரனா? எம்மிடம் இருந்த நோயைக் கண்டே அவன் கடை விரித்தான். வெளுப்போம் என்று நம்பிக் கண்ணாடி முன் நின்ற நாட்கள் எமக்கும் உண்டு. அன்று நாம் வெறுத்தது எமது தாய் தந்த முகத்தையே என எண்ணும்போது வெட்கமாக இருக்கின்றது.

இதற்கு இணங்காதவர்களும் உளர். தமிழ்ப் படங்களிலும் நடிக்கும் சாய் பல்லவி, முகத்திற் பருக்கள் தெரியவே 2015இல் 'பிரேமம்' படத்தில் நடித்தவர். சிவப்பழகுக் களிம்பு விளம்பரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி ரூபாய் தர முன்வந்தும் அவர் மறுத்த செய்தி 2019இல் வெளியாயிற்று. நிறம் கூடவேண்டும் என்று ஏங்கிய தம் தங்கையை அவர் நினைத்தார். பூப்பந்தாட்ட வீரர் கோபிசந்த் 2001இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்றபின், உடலுக்கு நல்லதன்று எனத் தாம் கருதிய மென்பானத்தை விளம்பரஞ் செய்ய மறுத்தார். தாம் குடிக்காததைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை.

எமது மண்ணிலும் ஓர் உதாரணம் உண்டு. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகமத் தமிழாக்கத்துக்கும் உதவியவர். அங்கே மதிப்பும் இருந்தது, சம்பளமும் இருந்தது. எனினும் 1848இல் அவ்வேலையை விட்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடம் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கிற்று. மிசன் பாடசாலையிற் படித்த நாம் இதனை அப்பாடசாலைகளைக் குறைகூறுதற்காகச் சொல்லவில்லை. எமது எழுத்தறிவு அவை தந்ததே. பிறரிடம் கற்கலாம், பிறராக மாறவேண்டியதில்லை. நாவலர் வாழ்விலே நாம் கண்ட பாடம் இதுவே.

தோழர்களே! நாம் அறியாத பொருளை நல்லதென்று கூலிக்குச் சொல்லாதிருப்போம்; மன்றத்தின் பெயரையும் அவ்வாறு கடன் கொடாதிருப்போம். பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த கலியாணப் பேச்சிலே பிள்ளையின் நிறத்தைக் கேளாதீர்கள், குணத்தைக் கேளுங்கள். அவ்வொரு கேள்வி மாறினால் எத்தனையோ பெண்பிள்ளைகள் தம் சொந்த முகத்தோடு நிமிர்ந்து நடப்பர்.